‘போல’ வந்தால் உவமையா?
ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

நடுநிலை வகுப்புகளில் உவமையும் உருவகமும் நடத்துகிற உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். அணி இலக்கணப் பாடம் இன்று பெரும்பாலும் அடையாளம் காணும் பயிற்சியாகவே முடிந்துவிடுகிறது. ‘போல’, ‘அன்ன’, ‘ஒப்ப’ என்று ஏதாவது கண்ணில் பட்டால் உவமை அணி. உருபு மறைந்திருந்தால் எடுத்துக்காட்டு உவமை. ‘ஆகிய’ என்று விரித்தால் பொருள் வருமானால் உருவகம். தேர்வில் அணியின் இலக்கணத்தை ஒப்பித்து, சான்றாக ஒரு குறளை எழுதி, உவமை இது, உவமேயம் இது, உருபு இது என்று மூன்று வரியில் பொருத்திக் காட்டினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இத்தனையும் எழுதிய மாணவர், அந்த இரண்டு பொருள்களும் ஏன் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று ஒரு நொடிகூட யோசித்திருக்க வேண்டியதில்லை. என் வாதம் இதுதான்: ‘இது உவமையா, உருவகமா?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘எது எதோடு எதனால் ஒக்கிறது, எந்த இடத்தில் ஒக்கவில்லை?’ என்பதே முதல் கேள்வி. இந்த வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பாடநூலையோ பாடத்திட்டத்தையோ மாற்ற வேண்டியதில்லை.

உருபை நம்பி அணியைக் கண்டுபிடிக்கிற வழி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று முதலில் பார்ப்போம். ‘மழை வரும் போல இருக்கிறது’ என்கிறோம். ‘போல’ இருக்கிறது, உவமை இல்லை. அது வெறும் ஊகம். ‘மா, பலா, வாழை போன்ற கனிகள்’ என்பதில் ‘போன்ற’ வருவது பட்டியலுக்காக. ‘அக்காவைப் போலவே தம்பியும் நன்றாகப் படிக்கிறான்’ என்பது ஒரே இனத்தைச் சேர்ந்த இருவரை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் சாதாரண ஒப்பீடு. அதில் அணி ஏதும் இல்லை. உருபைத் தேடப் பழகிய பிள்ளை இந்த மூன்றையும் உவமை என்று அடிக்கோடிடும். அதே பிள்ளை ‘விலை ஏறிவிட்டது’, ‘மனசு உடைஞ்சு போச்சு’, ‘பேச்சு சூடு பிடித்தது’, ‘நாலு வருஷம் ஓடிப்போச்சு’ என்று நாள் முழுக்கப் பேசுகிறது. விலைக்குக் கால் கிடையாது, மனசு மண்பானை அல்ல, பேச்சுக்கு அடுப்பில்லை. இவற்றில் உருபும் இல்லை, ‘ஆகிய’ விரிவதும் இல்லை. ஆகவே வகுப்பில் இவை கணக்கில் வருவதே இல்லை. நன்னூல் பன்னிரண்டு உவம உருபுகளைத் தொகுத்துக் கொடுத்தது உண்மை. அவை வரும் இடமெல்லாம் அணி என்றோ, வராத இடத்தில் அணி இல்லை என்றோ அது சொல்லவில்லை. அந்தச் சுருக்குவழி தேர்வுக்காக நாம் உண்டாக்கிக்கொண்டது.

நம் இலக்கண மரபு உண்மையில் எங்கிருந்து தொடங்குகிறது? தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஏழாவது இயல் உவமவியல். அதன் தொடக்கத்திலேயே தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடம் நான்கு என்று வரையறுத்துவிடுகிறார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்பு வினையில். மழை போல வழங்கும் கை என்றால் பயனில். உடுக்கை போன்ற இடை என்றால் வடிவில். பவளம் போன்ற வாய் என்றால் நிறத்தில். இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும் என்பதையும் அவரே சொல்கிறார். இதற்குப் பிறகுதான் அவர் உருபுகளுக்கு வருகிறார். 36 உருபுகளை வரிசைப்படுத்திவிட்டு, அதோடு விடாமல், வினைக்கு எட்டு, பயனுக்கு எட்டு, மெய்க்கு எட்டு, உருவுக்கு எட்டு என்று பிரித்தும் வைக்கிறார். நாம் எல்லா உவமைக்கும் பொதுவாக எடுத்தாளும் ‘போல’ அந்தப் பகுப்பில் நிற உவமைக்கு உரியது. பிற்காலப் புலவர்கள் இந்த வரம்பைப் பெரிதும் பின்பற்றவில்லை. ஆனாலும் அந்தப் பகுப்பு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: எந்த வகையில் ஒப்பு என்று தெரிந்த பிறகே அதற்கு எந்த உருபு என்ற பேச்சு எழுகிறது. 12ஆம் நூற்றாண்டின் தண்டியலங்காரமும் உவமைக்கு இலக்கணம் சொல்லும்போது பண்பு, தொழில், பயன் என்ற மூன்றையே அடிப்படையாக வைக்கிறது. ஆக, பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் இலக்கணத்துக்கு உள்ளேயே நான் சொல்லும் முதல் கேள்வி இருக்கிறது. நான் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை.

‘பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது கூடுமா?’ என்று கேட்கலாம். இந்த வயதுதான் அதற்கு ஏற்ற வயது என்று குழந்தைகளின் மொழி வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். 1976இல் எலன் வின்னரும் ஹோவர்ட் கார்ட்னரும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வில், பல ஆண்டுகள் சிறையில் வேலை பார்த்த காவலர் ஒருவர் அசையாத பாறையாகிவிட்டார் என்ற பொருளுடைய வாக்கியத்தை ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கொடுத்து விளக்கம் கேட்டார்கள். சின்னப் பிள்ளைகளில் சிலர் யாரோ மந்திரம் போட்டு அவரைப் பாறையாக்கிவிட்டதாகச் சொன்னார்கள். சிலர் அவர் பாறைச் சுவர் சூழ்ந்த இடத்தில் வேலை செய்தார் என்று புரிந்துகொண்டார்கள். எட்டு வயதை ஒட்டியவர்களில் பலருக்கு அது உருவகம் என்று பட்டது. ஆனால் அவர் உடம்பு கெட்டியாக இருக்கும் என்று சொன்னார்கள். பத்து வயதுக்கு மேல்தான், இறுகிப்போனது அவருடைய மனம் என்ற விளக்கம் நிலைப்படுகிறது. டெட்ரே ஜென்ட்னர் 1988இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் செல்கிறது. மேகம் பஞ்சுறிஞ்சி போன்றது என்றால், சிறுபிள்ளைகள் இரண்டும் பொதபொதவென்று உருண்டையாக இருக்கும் என்பார்கள். வளர்ந்தவர்கள் இரண்டும் நீரை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு விடும் என்பார்கள். தொல்காப்பியரின் சொல்லில் சொன்னால், பிள்ளை மெய்யிலிருந்தும் உருவிலிருந்தும் புறப்பட்டு வினைக்கும் பயனுக்கும் வந்து சேர்கிறது. இந்த நகர்வு நடக்கும் ஆண்டுகளில்தான் அந்தப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அப்போது அவர்கள் கையில் உருபுப் பட்டியலை மட்டும் கொடுத்தால், வளரத் தயாராக இருக்கும் திறனுக்கு வேலையே கொடுக்காமல் விட்டவர்களாவோம்.

இதை வகுப்பில் எப்படிச் செய்வது என்பதற்குத் தனியாகப் பாடம் தேடிப் போக வேண்டாம். ஏழாம் வகுப்பில் ‘அறம் என்னும் கதிர்’ என்ற தலைப்பில் அறநெறிச்சாரப் பாடல் ஒன்று இருக்கிறது, எழுதியவர் முனைப்பாடியார். இனிய சொல்லை விளைநிலமாகவும், ஈகையை விதையாகவும், கடுஞ்சொல்லைக் களையாகவும், வாய்மையை எருவாகவும், அன்பை நீராகவும், அறத்தைக் கதிராகவும் அவர் ஆக்குகிறார். வழக்கமான முறையில் இது ஆறு இணைகள் கொண்ட ஒரு பட்டியல். ‘உருவக அணி’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அதற்குப் பதில் ஒரு கேள்வி போடுங்கள்: வாய்மையையும் அன்பையும் இடம் மாற்றி, வாய்மையை நீராகவும் அன்பை எருவாகவும் வைத்தால் என்ன கெட்டுப்போகும்? வயலைப் பார்த்த பிள்ளைகள் உடனே பேசத் தொடங்குவார்கள். எரு ஒருமுறை இட்டால் மண்ணுக்குள் மறைந்து நின்று பலம் கொடுக்கும். நீர் அப்படியல்ல, விட்டுவிட்டுப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பயிர் வாடும். அப்படியானால் அன்பைப் பற்றிக் கவிஞர் என்ன சொல்கிறார்? அடுத்த கேள்வி: கடுஞ்சொல் ஏன் பூச்சியாகவோ வெள்ளமாகவோ இல்லாமல் களையாக இருக்கிறது? பூச்சி வெளியிலிருந்து வருவது. களை அதே நிலத்தில் முளைத்து, பயிருக்குப் போட்ட எருவையும் நீரையுமே தானும் உண்டு வளர்வது. யாரும் விதைக்க வேண்டியதில்லை, பிடுங்காமல் விட்டாலே போதும். மூன்றாவதாக, ஒப்புமை எங்கே நின்றுபோகிறது? உழவர் கதிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அறத்தின் விளைச்சல் யாருக்குப் போய்ச் சேரும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஆனால் அதைக் கேட்ட வகுப்பு, உருவகம் என்பது கவிஞர் தேர்ந்தெடுத்த ஒன்று, வேறு மாதிரியும் தேர்ந்திருக்க முடியும் என்பதைப் புரிந்துகொண்டுவிடும். அதே வகுப்பில் வரும் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார் பாடல்களையும் இப்படி அருகருகே வைக்கலாம். இருவரும் விளக்கு ஏற்றுகிறார்கள். ஒருவருக்குப் பூமி அகல், கடல் நெய், கதிரவன் சுடர். மற்றவருக்கு அன்பு அகல், ஆர்வம் நெய், சிந்தை திரி. விளக்கு ஒன்றாக இருந்தும் பக்தி எப்படி வேறாகிறது என்று கேட்டால், அணியும் பாடற்பொருளும் ஒரே பாடமாகிவிடும்.

‘அப்படியானால் உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டாமா?’ என்ற கேள்வி நியாயமானது. கட்டாயம் சொல்லித்தர வேண்டும். ஆனால் அந்த வேறுபாட்டினால் விளைவது என்ன என்பதோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். மலர்விழி என்றால் உவமை, விழிமலர் என்றால் உருவகம் என்று சொற்களின் வரிசையை வைத்துப் பிரித்துக் காட்டுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் மலர்விழி என்னும்போது பேச்சு விழியைப் பற்றியது. மலர் அதற்கு அடையாக வந்து நிற்கிறது. விழிமலர் என்று சொன்னதும் விழி மலராகவே ஆகிவிடுகிறது; பிறகு அது இதழ் விரிக்கலாம், வாடலாம், அதில் வண்டு மொய்க்கலாம். உவமை இரண்டு பொருள்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. உருவகம் ஒன்றுக்குள் மற்றொன்றைப் புகுத்தி, அந்த மற்றொன்றின் வினைச்சொற்கள் அனைத்தையும் உள்ளே அழைத்துக்கொள்கிறது. ஏகதேச உருவகத்துக்குச் சான்றாக நாம் காட்டும் கடவுள் வாழ்த்தின் கடைசிக் குறளை இந்தப் பார்வையில் நடத்திப் பாருங்கள். பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை. கடல் என்ற ஒரு சொல்லும் நீந்துதல் என்ற வினையும் போதும், தெப்பத்தைப் படிப்பவரே கொண்டுவந்துவிடுகிறார். பாதியை மட்டும் உருவகமாக்குவது ஏன் ஒரு தனி அணியாயிற்று என்பது அப்போது பிள்ளைகளுக்கே விளங்கும். எடுத்துக்காட்டு உவமையும் அப்படித்தான். நீர் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு மலரின் தண்டு நீள்வதையும், மனம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு மனிதர் உயர்வதையும் இணைக்கும் குறளில், மலருக்கும் மனிதருக்கும் தோற்றத்தில் ஒற்றுமை கிடையாது. ஒரு உறவும் இன்னொரு உறவும் ஒத்துப்போகின்றன. உருபு தொக்கி நிற்கிறது என்று சொல்வதோடு நிறுத்தினால், அந்தக் குறளின் சிறப்பு வகுப்புக்கு வராமலேயே போய்விடும்.

இந்தத் திறன் தமிழ்ப் பாடவேளையோடு முடிந்துபோவதும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம் என்று அறிவியல் ஆசிரியர் சொல்கிறார். மின்சாரம் கம்பியில் ‘பாய்கிறது’ என்கிறார். இவையெல்லாம் உருவகங்கள், அவற்றை நம்பித்தான் பாடம் நடக்கிறது. டெட்ரே ஜென்ட்னரும் டொனால்ட் ஜென்ட்னரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, மின்சாரத்தைக் குழாயில் ஓடும் நீராக நினைத்தவர்களையும் நெருக்கியடித்து நகரும் கூட்டமாக நினைத்தவர்களையும் ஒப்பிட்டது. மின்கலங்களை இணைக்கும் கணக்குகளில் முதல் வகையினரும், மின்தடைகளைப் பற்றிய கணக்குகளில் இரண்டாம் வகையினரும் நன்றாகச் செய்தார்கள். ஒவ்வொரு ஒப்புமையும் ஒரு பக்கத்தை வெளிச்சம் போட்டுக் காட்டி, இன்னொரு பக்கத்தை மறைக்கிறது. செய்தித்தாளிலும் இதே கதைதான். கொரோனாக் காலத்தில் ‘முதல் அலை’, ‘இரண்டாம் அலை’ என்று எழுதினோம், ‘கிருமியோடு போர்’ என்றும் எழுதினோம். அலை என்றால் அது தானாக எழுந்து தானாக அடங்கும். போர் என்றால் நாம் சண்டையிட வேண்டும், கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஒரே நோயைப் பற்றி இரண்டும் நம்மிடம் எதிர்பார்ப்பது வேறுவேறு. உருவகம் மாறினால் எதிர்பார்ப்பும் மாறுமா என்று சோதிக்க, 2011இலேயே பால் திபோடோவும் லெரா பொரொடிட்ஸ்கியும் ஒரு கற்பனை நகரத்தின் குற்றப் பெருக்கத்தைச் சிலரிடம் வேட்டை விலங்காகவும் சிலரிடம் வைரஸாகவும் வருணித்தார்கள். புள்ளிவிவரம் இரண்டிலும் ஒன்றே. விலங்கு என்று படித்தவர்கள் காவலையும் தண்டனையையும் அதிகமாகக் கேட்டார்கள். வைரஸ் என்று படித்தவர்கள் காரணங்களைக் களையும் சீர்திருத்தத்தை அதிகமாகக் கேட்டார்கள். 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். உருவகம் ஒருவரின் முடிவையே மாற்றிவிடுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ‘இந்த வாக்கியம் ஒன்றை இன்னொன்றாகக் காட்டுகிறது, எதை மறைக்கிறது?’ என்று கேட்கத் தெரிந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை, தேர்தல் மேடைப் பேச்சையும் விளம்பரத்தையும் கூடுதல் விழிப்போடு கேட்கும் என்பதற்குப் பெரிய ஆதாரம் தேட வேண்டியதில்லை.

இனி உங்கள் பக்கத்து நெருக்கடிகள். முதலாவது நேரம்: ஒரு பாடவேளை, நிறையப் பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடங்கள் ஏராளம். நான் கேட்பது கூடுதல் பாடவேளை அல்ல. உருபுகளை ஒப்பிக்க வைக்கும் பத்து நிமிடத்தை இடம் மாற்றிக் கேட்கும் ஒரே கேள்விக்குக் கொடுங்கள். ஒரு பாடலுக்கு ஒரு கேள்வி என்றாலே ஓராண்டில் போதிய பழக்கம் வந்துவிடும். இரண்டாவது, சரளமாக வாசிக்கவே திணறும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்ற ஐயம். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை பேச்சில் பின்தங்கியது என்று பொருளல்ல. ‘வெட்டிப் பேச்சு’, ‘அவன் வாய்க்குப் பூட்டு போடணும்’, ‘கணக்கு வாத்தியார் புயல்’ என்று பேசுகிற பிள்ளைக்கு உருவகம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. ‘ஏன் புயல்? வேகமா, சத்தமா, போன பிறகு நடக்கிற சேதமா?’ என்று வாய்மொழியாகக் கேட்பதற்கு எழுத்தறிவு தடையில்லை. மூன்றாவது, விடை ஒன்றாக இல்லாத கேள்விக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பது. எந்த விடையும் சரி என்று நான் சொல்லவில்லை. பாடலில் உள்ள சொல்லைப் பிடித்து, அந்தப் பொருளின் இயல்பைச் சொல்லி, இரண்டையும் இணைத்தால் மதிப்பெண். இந்த மூன்றில் எது விடுபட்டாலும் குறைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைக்கும் கடிதத்துக்கும் மதிப்பெண் போடும் உங்களுக்கு இது கடினமாக இராது. நான்காவது, கவிதையை இப்படிப் பிரித்துப் போட்டால் அதன் அழகு கெட்டுவிடும் என்பது. அழகு கெடுவது ‘அணி: உருவகம்’ என்று முத்திரை குத்தி மூடிவைக்கும்போதுதான். வாய்மை ஏன் எரு என்று வாதாடிய பிள்ளைக்கு அந்தப் பாடல் நீண்ட நாள் நினைவில் நிற்கும். ஐந்தாவதாக, மேல்வகுப்புப் பொதுத்தேர்வு இலக்கணத்தைத்தானே கேட்கிறது என்பீர்கள். உண்மை. ஆனால் ஒப்புமையை விளங்கிக்கொண்ட மாணவர் அணியின் பெயரைப் பிறகு மனப்பாடம் செய்துகொள்ள முடியும். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர், பார்த்திராத பாடல் ஒன்று வினாத்தாளில் வந்தால் தடுமாறி நிற்பார்.

என் கோரிக்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணி இலக்கணம் நடத்தும்போது வினை, பயன், மெய், உரு என்ற நான்கு சொற்களையும் கரும்பலகையில் முதலில் எழுதுங்கள். உருபுகள் பிறகு வரட்டும். ஒவ்வொரு பாடலிலும் ஒப்புமையை ஒருமுறையாவது இடம் மாற்றி, என்ன கெடுகிறது என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை செய்தித்தாளிலிருந்து ஒரு தலைப்பை எடுத்து, அது எதை எதுவாகக் காட்டுகிறது என்று கேளுங்கள். வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளில் இதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கிறேன். ‘இக்குறளில் பயின்று வந்துள்ள அணியை விளக்குக’ என்ற வினாவை நீக்க வேண்டாம். அதன் கீழே இன்னொரு வரியைச் சேருங்கள்: ‘இந்த ஒப்புமை எதனால் பொருந்துகிறது? வேறு எந்தப் பொருளை வைத்திருந்தால் பொருந்தாமல் போயிருக்கும்?’ அந்த ஒரு வரிக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்துவிட்டால் நோட்ஸ் எழுதுபவர்களும் அதற்கு விடை எழுதத் தொடங்குவார்கள் என்பது எனக்கும் தெரியும். அதைத் தடுக்கவும் வழி உண்டு: பாடநூலில் இல்லாத ஒரு புதிய வாக்கியத்தைக் கொடுத்துக் கேளுங்கள். அதற்கு மாணவர் சொந்தமாக யோசித்துத்தான் விடை எழுத வேண்டும்.

மிக்க மதிப்புடன்,
தமிழ் வகுப்பறையின் மேல் அக்கறை கொண்ட ஒரு வாசகர்